கல்லறை எழுத்தும் நிழற்படமும்

ஊருக்கு ஒதுக்குப்புறத்தே எருக்கும் நாயுருவியும் மூடிக் கிடக்கும் பழைய சேமக்காலைகளைப் பலரும் அச்சத்தோடு விலகிச் செல்வது வழக்கம். ஆயினும், அங்கே சாய்ந்து கிடக்கும் கற்களிற் சில, வேறெந்த ஏட்டிலும் காணக்கிடையாத செய்திகளைத் தாங்கியுள்ளன. ஒருவர் பிறந்த ஊர், செய்த தொழில், மாண்ட வயது, மாண்ட காரணம் யாவற்றையும் ஒரு சிறு கல் சொல்லிவிடும்.

அக்கல் நெடுங்காலம் நில்லாது என்பதே இடர். சுண்ணக்கல் மழையிற் கரையும். ஆலம்வேர் பாறையையும் பிளக்கும். நல்ல பலகைக்கல்லாயின், துணி துவைப்பதற்கென்று தூக்கிச் செல்வாரும் உளர்.

இதனை முன்னரே உணர்ந்தோர் இலங்கையில் இருந்தனர். லியோபோல்ட் லூடோவைக்கி என்பவர் 1877இல் ஒல்லாந்தர் காலத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்டார். சிவில் சேவையைச் சேர்ந்த ஜே. பென்றி லூயிஸ், தீவெங்குமுள்ள ஐரோப்பியர் கல்லறைகளை ஆராய்ந்து 1913இல் ஒரு பெருநூல் தந்தார். வாசகத்தைப் படியெடுத்ததோடு அமையாது, கல்லின் கீழ்க் கிடப்பவர் யாவர் என்பதையும் தேடிக் குறித்தார். யாழ்ப்பாணக் கோட்டையினுள்ளே 1706இற் சிலுவை வடிவில் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயத்தின் கல்லறை வாசகங்களும் அதில் இடம்பெற்றன. அவர் எழுதியபோது கட்டடம் உறுதியாய் நின்றது; வீண்வேலை என்று நகைத்தோரும் இருந்திருக்கலாம். 1990இற் கோட்டையைச் சூழ்ந்து நடந்த போரிலே தேவாலயம் சிதைந்தது. அக்கற்களைத் தேடுவோர் இன்று அந்நூலையே நாட வேண்டியுள்ளது.

லூயிஸின் காலத்திற் கையெழுத்தே பெரிதும் துணையாயிருந்த இப்பணிக்கு இன்று நிழற்படம் உதவுகின்றது. அதற்கும் முறையொன்று உண்டு. உச்சிவெயில் பயன்படாது, ஒளி நேரே விழுந்தால் எழுத்தின் பள்ளம் தெரியாது. காலையிலோ மாலையிலோ கதிர் சாய்ந்து கல்லைத் தடவும்போது, மங்கிய எழுத்தும் நிழல் கொண்டு எழும். மரநிழலிற் கிடக்கும் கல்லுக்கு, முகம் பார்க்கும் கண்ணாடியொன்றால் வெயிலைப் பக்கவாட்டிற் திருப்பிவிடலாம். சிலர் எழுத்திலே சுண்ணக்கட்டியைத் தேய்க்கின்றனர். வேறு சிலர் கம்பித் தூரிகையாற் பாசியைச் சுரண்டுகின்றனர். இரண்டும் தீது. நூறாண்டு மழை செய்யாத கேட்டைக் கம்பித் தூரிகை ஒரு நாழிகையிற் செய்துவிடும். தூய நீரும் மென்மையான தூரிகையும் போதும். பொரிந்து உதிரும் கல்லை அவற்றாலுந் தொடலாகாது. முதலிற் சேமக்காலை முழுவதையும், அடுத்துக் கல்லைச் சூழலோடும், பின்னர் எழுத்தை மாத்திரமும் எடுத்தல் வேண்டும். இடப்படமும் இலக்கமும் இல்லாத நிழற்படம் சில ஆண்டுகளில் எக்கல்லுடையது என்றே தெரியாது போய்விடும். வாசகத்தை அங்கேயே எழுதியும் கொள்ளல் வேண்டும். கல்வெட்டியவன் விட்ட பிழையைத் திருத்தலாகாது.

அதன்பின் தேவாலய அடக்கப் பதிவேடுகளையும் பழைய பத்திரிகைகளையும் ஒப்பிட்டால் கல் பேசத் தொடங்கும். கண்டியிலே தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள பிரித்தானியப் படையினரின் சேமக்காலை இதற்குச் சான்று. 1817இல் தொடங்கி, 1870களில் மூடப்பட்டு, நெடுங்காலங் காடுபற்றிக் கிடந்த அவ்விடம் 1998இற் புதுப்பிக்கப்பட்டது. 1815இன் கண்டி உடன்படிக்கையிற் பெரும்பங்கு கொண்ட ஜோன் டொயிலி அங்கே 1824இல் அடக்கஞ் செய்யப்பட்டார். வாட்டர்லூப் போரில் உயிர்தப்பி வந்த மக்கிளாஷன் என்னும் படைத்தலைவர் 1817இற் காய்ச்சலால் மாண்டார். வேறொருவர் 1856இற் காட்டானையால் மாண்டார். இளவயதினரும் குழந்தைகளும் அங்கு மிகப்பலர்.

ஆனால், அதே நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை செல்லும் காட்டுவழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வீழ்ந்த தொழிலாளருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களை அடக்கிய இடமென்று ஊரவர் காட்டும் மேட்டையும் மரத்தையுமாவது படமெடுத்து, முதியோர் சொல்வதை அதனுடன் எழுதிவைத்தல் வேண்டும். அம்முதியோரும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.