வீடு தேடி வருகிறது மருந்து, வீடே இல்லாதவருக்கு?

இரவு 11 மணி. அம்பத்தூரில் கடைகளை அடைத்து விட்டார்கள். கடை வாசலில் ஒருவர் சாக்கை விரித்துப் படுக்கிறார். பகலெல்லாம் மூட்டை சுமந்த உடம்பு. நெஞ்சு இறுக்குகிறது. இடது கை வலிக்கிறது. "வாயுப் பிடிப்பு" என்று நினைத்துப் பீடியைப் பற்ற வைக்கிறார்.

அது வாயு அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். அதைச் சொல்ல அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடியது. சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வேலை தேடி ஜனங்கள் வந்து குவிந்தார்கள். வேலை கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் வீடு கிடைத்து விடவில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் வீடு இல்லாதவர்கள் 17 லட்சத்துக்கும் மேல்!

தெருவும் இருதயமும்

வீட்டில் இருப்பவர்களை விட, வீடு இல்லாதவர்களுக்கு இருதய நோயால் வரும் சாவு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று பல நாடுகளின் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஏன்?

கொசுக்கடியிலும் லாரிச் சத்தத்திலும் தூக்கம் வராது. தூக்கம் கெட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும். கடையில் கிடைப்பதைச் சாப்பிட வேண்டும். அதில் உப்பும் எண்ணெயும் அதிகம். பசியையும் பயத்தையும் மறக்கப் பீடியும் சாராயமும் துணைக்கு வரும்.

டாக்டர் மாத்திரை கொடுத்தாலும் தொல்லைதான். மழையில் நனையும், இல்லாவிட்டால் திருட்டுப் போகும். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். கக்கூஸ் இல்லாத பெண் அதை எப்படிச் சாப்பிடுவாள்? பயந்து நிறுத்தி விடுவாள்.

குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நெருக்கமாகப் படுக்கும் இடங்களில் தொண்டைப் புண் எளிதில் பரவும். கவனிக்காமல் விட்டால் வாதக் காய்ச்சல் வந்து, இருதய வால்வையே கெடுத்து விடும். ஆரம்பத்திலேயே பெனிசிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம்.

நிறமும் சாதியும்

அமெரிக்காவில் 100 பேரில் சுமார் 13 பேர் கறுப்பர்கள். ஆனால் அங்கே வீடு இல்லாதவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவர்களே! இருதய நோயால் இளம் வயதில் சாவதும் அவர்களில் அதிகம்.

அங்கே நிறம், இங்கே சாதி. நம் நகரங்களில் தெருவில் படுப்பவர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், மக்கள் தொகையில் அவர்களுக்குள்ள பங்கை விட அதிகமாகவே இருக்கிறார்கள்.

ஆவடி நரிக்குறவர் குடியிருப்பைப் பாருங்கள். நிலையான வீடின்றி ஊர் ஊராகச் சுற்றிய மக்கள் அவர்கள். 2022-ல் அங்குள்ள மாணவிகள் தங்கள் குறைகளை வெளியே சொன்னார்கள். அந்த ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் நேரில் சென்றார். அதே ஆண்டு டிசம்பரில், நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது.

பட்டாவுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு! முகவரி இருந்தால் ரேஷன் அட்டை கிடைக்கும். ரேஷன் அட்டை இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெற வழி பிறக்கும்.

கதவைத் தட்டும் மருந்து

2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் வீட்டுக்கே மருந்து வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் தட்டுவதற்குக் கதவு வேண்டுமே!

பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. காப்பகம் என்பது வெறும் கூரை அல்ல. மாத்திரையைப் பத்திரமாக வைக்க ஓர் இடம்; நர்ஸ் தேடி வருவதற்கு ஒரு முகவரி.

நீங்கள் செய்யக்கூடியது

நெஞ்சில் பாரம், கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் - இவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம்.

தெருவில் ஒருவர் இப்படித் துடித்தால் "குடிகாரன்" என்று ஒதுங்கிப் போகாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். காசு கேட்க மாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைக்கு ரேஷன் அட்டையும் வேண்டியதில்லை.

2023-ல் வந்த "இதயம் காப்போம்" திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்தைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசை செத்துக் கொண்டிருக்கிறது. ஆகவே தாமதம் கூடாது.

கடை வாசலில் படுத்திருப்பவருக்கு வீடு கட்டிக் கொடுக்க உங்களால் முடியாமல் இருக்கலாம். ஒரு போன் செய்ய முடியும். அது ஓர் உயிரைக் காப்பாற்றும்.