ஜூரி அறைக்குள் நடந்த தவறு: உறுப்பினர்களே சாட்சி சொல்ல அமெரிக்கச் சட்டம் எப்போது அனுமதிக்கிறது?

புது தில்லி: ஜூரி தனது முடிவை அறிவித்துவிட்டது. உறுப்பினர்கள் கலைந்துசெல்லும் வேளையில் இருவர் மட்டும் பின்தங்கி நின்று, குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரைத் தனியே சந்தித்தனர். ஆலோசனை அறையில் சக உறுப்பினர் ஒருவர் இனத் துவேஷத்துடன் பேசினார் என்று அவர்கள் தெரிவித்தனர்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த வழக்கு இது. 2007-இல் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றின் கழிப்பறையில் பதின்பருவச் சகோதரிகள் இருவரிடம் அத்துமீறியதாக ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. கடுமையான குற்றச்சாட்டில் ஜூரி உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. மற்றவற்றில் அவர் குற்றவாளி என முடிவாயிற்று. முன்னாள் காவல் அதிகாரியான ஓர் உறுப்பினர், ‘அவர் மெக்சிகோக்காரர், அதனால்தான் இதைச் செய்திருப்பார்’ என்ற பொருளில் வாதிட்டதாகவும், சம்பவ நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்தார் என்று கூறிய சாட்சியைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்லி நம்ப மறுத்ததாகவும் அந்த இருவரும் பிரமாணப் பத்திரம் அளித்தனர். தாம் சட்டப்படி வசிப்பவர் என்று அந்தச் சாட்சி நீதிமன்றத்திலேயே கூறியிருந்தார்.

பாரபட்சம் வெளிப்பட்டதை விசாரணை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆயினும் மறுவிசாரணைக்கு உத்தரவிட மறுத்துவிட்டார். அந்தப் பிரமாணப் பத்திரங்களைச் சாட்சியமாகக் கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை என்பதே அதற்கான காரணம்.

இந்திய வாசகருக்கு இது வியப்பளிக்கலாம். நம் நீதிபதிகள் தீர்ப்புக்கான காரணங்களை எழுத வேண்டும். மேல்முறையீட்டில் அந்தக் காரணங்களே பரிசீலிக்கப்படுகின்றன. ஜூரியோ ‘குற்றவாளி’ அல்லது ‘குற்றவாளி அல்ல’ என்பதற்கு மேல் பொதுவாக எதையும் சொல்வதில்லை. எனவே அறைக்குள் தவறு நிகழ்ந்தால் அதை அறிந்தவர்கள் அங்கே அமர்ந்திருந்தவர்கள் மட்டுமே. அந்த ஒரே சாட்சிகளின் வாயைத்தான் சட்டம் அடைத்து வைத்துள்ளது.

இத்தடைக்கு வயது 200 ஆண்டுகளுக்கும் மேல். 1785-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில், கருத்து வேறுபாடு தீராததால் நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோல் அதிர்ஷ்டத்தின் வழியே முடிவெடுத்ததாக ஜூரி உறுப்பினர்கள் இருவர் பிரமாணம் செய்தனர். தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு அதை ஏற்கவில்லை. வேறு எவரேனும் சன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னால் கேட்கலாம், உறுப்பினரே சொல்லக் கூடாது என்பது அவரது நிலைப்பாடு. ஆலோசனை அறைக்குச் சன்னல் இருந்ததா என்பதைப் பொறுத்தே நீதி கிடைக்கும் என்பதுபோல் இது தோன்றினாலும், அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் இவ்விதியைத் தழுவிக்கொண்டன.

1975-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சாட்சிய விதிகளில் 606(பி) என்ற பிரிவு இதனை எழுத்தில் நிலைநாட்டியது. மாநிலங்கள் பலவற்றிலும் இதையொத்த விதிகள் உள்ளன. ஆலோசனையின்போது யார் என்ன சொன்னார், எது யாருடைய மனத்தை மாற்றியது, எவர் எப்படி வாக்களித்தார் என்பவை குறித்து, முடிவு செல்லுமா என்று ஆராயும் நீதிமன்றத்தில் உறுப்பினர் சாட்சி சொல்ல இயலாது. அதே உறுப்பினர் தொலைக்காட்சிப் பேட்டியில் அனைத்தையும் விவரிப்பதை இவ்விதி தடுக்கவில்லை என்பது வேடிக்கையான முரண்.

விதியிலேயே விலக்குகள் மூன்று உள்ளன. நீதிமன்றத்தில் முன்வைக்கப்படாத, பாதிப்பு விளைவிக்கக்கூடிய தகவல் உறுப்பினர்களை எட்டியிருந்தால் அதைச் சொல்லலாம். இணையத்தில் வழக்கைப் பற்றித் தேடிப் படித்தது, தாமாகவே சம்பவ இடத்துக்குச் சென்று பார்த்தது போன்றவை இதில் அடங்கும். லஞ்சம், மிரட்டல் போன்ற வெளியார் தலையீட்டையும் சொல்லலாம். 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், ஜூரிக்குப் பொறுப்பாயிருந்த நீதிமன்ற ஊழியரே குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்று உறுப்பினர்களிடம் கூறியிருந்தார், அத்தண்டனை நிலைக்கவில்லை. மூன்றாவது, முடிவைப் படிவத்தில் எழுதும்போது நேர்ந்த பிழை. இது 2006-இல் சேர்க்கப்பட்டது. இவற்றிலும் ஒரு வரம்பு உண்டு. தகவல் உள்ளே வந்தது என்பதை மட்டுமே உறுப்பினர் கூறலாம். அது தம் மனத்தை எப்படி மாற்றியது என்று கூற முடியாது. பாதிப்பை மதிப்பிடுவது நீதிபதியின் வேலை.

விதியின் கடுமை 1987-இல் வெளிப்பட்டது. புளோரிடாவில் அஞ்சல் வழி மோசடி வழக்கொன்றில் தண்டிக்கப்பட்ட டேனர் என்பவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். உறுப்பினர்கள் பலர் மதிய உணவு வேளையில் மது அருந்தினர், சிலர் கஞ்சாவும் கொக்கேயினும் பயன்படுத்தினர், பிற்பகல் விசாரணையின்போது உறங்கினர் என்பது புகார். இதை முன்வந்து சொன்னவர்களும் ஜூரி உறுப்பினர்களே. போதைப்பொருள் ‘வெளித் தலையீடு’ ஆகாது. வைரஸ் தொற்று, சரியாகச் சமைக்கப்படாத உணவு, தூக்கமின்மை போன்றதே அது என்று 5-4 என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் முடிவு செய்தது.

நீதிமன்றம் சுட்டிய பாதுகாப்புகள் வேறு. உறுப்பினர்கள் தேர்வின்போதே கேள்விகளுக்கு உட்படுத்தப்படுகின்றனர். விசாரணையின்போது நீதிபதியும் வழக்கறிஞர்களும் அவர்களைக் காண்கின்றனர். முடிவுக்கு முன்பு எந்த உறுப்பினரும் நீதிபதியிடம் முறையிடலாம். நடைமுறையில் இந்தக் கடைசி வழியே முக்கியமானது. முடிவு அறிவிக்கப்படும் முன் புகார் எழுந்தால் நீதிபதி விசாரித்து, தவறிழைத்தவரை மாற்றவும் கூடும். அறிவிக்கப்பட்ட பிறகு கதவு மூடிக்கொள்கிறது. தோற்ற தரப்பினர் உறுப்பினர்களைத் துரத்தித் துன்புறுத்துவதைத் தடுக்கவும், அறைக்குள் அவர்கள் அஞ்சாமல் பேசவும், வழக்குகள் ஓரிடத்தில் முடியவும் இது அவசியம் என்பது விதியை ஆதரிப்போரின் வாதம்.

இந்த வாதம் வலுவற்றது அல்ல. இந்தியாவிலும் ஜூரி முறை இருந்த காலத்தில், 1959-இல் நானாவதி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ‘குற்றவாளி அல்ல’ என்று ஜூரி கூறியபோது, செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் ஆராய்ந்தது சாட்சியங்களையும், ஜூரிக்கு நீதிபதி அளித்த விளக்க உரையையும்தான். ஆனால் அமெரிக்க நீதிபதிக்கு, விடுதலை முடிவை இப்படி மேலே அனுப்பும் அதிகாரம் இல்லை.

கொலராடோ வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, 2017 மார்ச் 6 அன்று, 5-3 என்ற பெரும்பான்மையில் புதிய விலக்கு பிறந்தது. நீதிபதி ஆண்டனி கென்னடி எழுதிய தீர்ப்பின்படி, இன வெறுப்பையோ இனம் பற்றிய முன்முடிவையோ நம்பியே தண்டனைக்கு வாக்களித்ததாக ஓர் உறுப்பினர் தெளிவாக வெளிப்படுத்தியிருந்தால், பாரபட்சமற்ற ஜூரியை உறுதிசெய்யும் அரசமைப்பின் 6-ஆவது திருத்தத்தின்படி நீதிமன்றம் அச்சாட்சியத்தைக் கேட்டாக வேண்டும். போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல் போதாது. வாக்களிப்புக்கு அந்த வெறுப்பே முக்கியத் தூண்டுதலாக இருந்ததாகத் தோன்ற வேண்டும். அதை முடிவு செய்வது விசாரணை நீதிபதியின் பொறுப்பு.

வழக்கு கொலராடோவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கூறினார். ஒரே சிறை அறையில் இரு கைதிகள். ஒருவர் மீது அவரது இனத்தின் காரணமாக ஓர் ஜூரி உறுப்பினர் பகைமை காட்டினார். மற்றவர் மீது, வெறுக்கப்படும் கால்பந்து அணியின் சட்டையை அணிந்திருந்ததற்காக வேறோர் உறுப்பினர் பகைமை காட்டினார். முதலாமவர் புதிய விலக்கை நாடி நீதிமன்றம் செல்லலாம். இரண்டாமவருக்கு 606(பி)யே பதில்.