கையில் வாங்காத பதக்கம்!

தூத்துக்குடிக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். மன்னார் வளைகுடா! அதற்கு அப்பால் இலங்கை. ஒரு காலத்தில் இந்தக் கடலின் இரண்டு கரைகளிலும் முத்துக் குளித்தார்கள்.

அந்த அக்கரைக்கு 1987ஆம் ஆண்டு இந்தியப் படை போனது. சண்டை போட அல்ல, அமைதி காக்க! ஜூலை 29ந் தேதி இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அது அனுப்பப்பட்டது. ஆனால் அக்டோபரில், அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டுவிட்டது.

மேஜர் பரமேசுவரன்

அந்தப் படையில் ஒருவர், மேஜர் ராமசாமி பரமேசுவரன். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1946ல் பம்பாயில் பிறந்தவர். சென்னையில் அதிகாரிகளுக்கான பயிற்சி பெற்று, 1972ல் ராணுவ அதிகாரி ஆனார்.

1987 நவம்பர் 25. யாழ்ப்பாணம் அருகே கந்தரோடை. இரவு நேரம். தேடுதல் வேலையை முடித்துக்கொண்டு அவருடைய குழு திரும்பிக் கொண்டிருந்தது. மறைந்திருந்தவர்கள் திடீர் என்று சுட்டார்கள்.

பரமேசுவரன் பின்வாங்கவில்லை. சுற்றி வளைத்து, பின்புறமாகப் பாய்ந்தார். கைகலப்பு நடந்தது. ஒரு குண்டு அவர் மார்பில் பாய்ந்தது. அப்போதும், சுட்டவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுட்டார். உயிர் பிரியும்வரை தம் வீரர்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்போது அவருக்கு வயது 41.

தங்கம் அல்ல!

அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. போர்க்கள வீரத்துக்கு நம் நாடு தரும் மிக உயர்ந்த விருது இது. 1950ல் ஏற்படுத்தப்பட்டது. பதக்கம் தங்கம் அல்ல, வெண்கலம்தான். நடுவில் சிங்க முத்திரை. சுற்றிலும் 4 வஜ்ராயுதங்கள். ஊதா நிற நாடா. இதுவரை 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

அந்த 21 பேரில், வெளிநாட்டு அமைதிப் பணியில் இதைப் பெற்றவர்கள் இருவர்தான். மற்றொருவர் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில், ஐ.நா. படையில் பணியாற்றியபோது, 1961 டிசம்பர் 5ந் தேதி மாண்டார். இருவருமே தங்கள் பதக்கத்தைக் கண்ணால் பார்க்கவில்லை!

ஐ.நா. பதக்கம்

ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றும் வீரருக்குத் தனிப் பதக்கம் உண்டு. அதற்குப் பொதுவாக 90 நாள் பணி செய்திருக்க வேண்டும். எந்த நாட்டுப் பணி என்பதை நாடாவின் நிறம் காட்டிவிடும். இலங்கைக்குப் போனது ஐ.நா. படை அல்ல. அதனால் அந்த வீரர்களுக்கு ஐ.நா. பதக்கம் இல்லை.

1990 மார்ச் மாதம் நம் படை முழுவதும் திரும்பியது. இந்திய வீரர்கள் 1,100 பேருக்கு மேல் திரும்பவில்லை. அக்கரையிலோ, துப்பாக்கி ஏந்தாத பொதுமக்களும் ஏராளமாக மாண்டார்கள். அமைதி தேடிப் போன இடத்தில் இரு கரையிலும் அழுகுரல்!

சென்னைப் பயிற்சிக் கழகத்தில் அணிவகுப்பு மைதானம் ஒன்றுக்குப் பரமேசுவரன் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றைய இளம் அதிகாரிகள் அங்கேதான் நடை பழகுகிறார்கள்.