தண்டனை ஒருத்திக்கு மட்டும்

தென்காசியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பாளையங்கோட்டை. ஊரார் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்று சொல்லும் சின்னத் தேவாலயம் ஒன்று அங்கே இருக்கிறது. குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களில் நதானியேல் ஹாதார்னின் ‘ஸ்கார்லெட் லெட்டர்’ படித்தவர்கள் இருந்தால், அருவியோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

1850-இல் வந்த அந்த நாவல், பியூரிட்டன்கள் ஆண்ட 1640-களின் பாஸ்டனில் நடக்கிறது. கணவன் இல்லாத காலத்தில் பிள்ளை பெற்றவள் ஹெஸ்டர். நெஞ்சில் சிவப்பு ‘ஏ’ எழுத்தைத் தைத்துக்கொண்டு நடமாட வேண்டும் என்பது தீர்ப்பு. பிள்ளையின் தகப்பன் அதே ஊர்ப் பாதிரியார் டிம்ஸ்டேல். ஏழு வருஷம் பிரசங்க மேடையில் நின்றுகொண்டே உள்ளுக்குள் அரிக்கப்படுகிறார். கணவனோ வைத்தியனாக வேறு பெயரில் வந்து, அவரோடு ஒட்டிக்கொண்டு, அணு அணுவாகப் பழி தீர்க்கிறான். ஊர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டுப் பாதிரியார் உயிர் விட்டதும், பழிவாங்க ஆளில்லாமல் ஒரே வருஷத்தில் அவனும் சாகிறான். சொத்தை எழுதிவைத்தது அந்தப் பிள்ளையின் பேருக்கு. என்னை உலுக்கிய இடம் அதுதான்.

1692-இல் அமெரிக்காவின் சேலம் ஊரின் சூனியக்கார வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் ஹாதார்னின் மூதாதை. வம்சத்தின் பாவத்தைச் சுமந்தவர் எழுதிய நாவல் இது.

பாளையங்கோட்டையின் அந்தப் பாப்பாத்தியம்மாள்தான் நம் பக்கத்துக் கிளாரிந்தா, தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்திப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி லிட்டில்டன் அவரை உடன்கட்டையிலிருந்து மீட்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். லிட்டில்டனோடு வாழ்ந்து, வேதம் கற்று, ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி ஸ்வார்ட்ஸ் மறுத்தார். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறாள் என்பது காரணம். சேர்ந்து வாழ்ந்தவர்கள் இரண்டு பேர். லிட்டில்டன் ஏற்கெனவே கிறிஸ்தவர். வாசலில் நிற்க வேண்டியிருந்தது அவள் ஒருத்திதான். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல் ஞானஸ்நானம் கிடைத்தது.

மன்னிப்பு கிடைத்ததால் மீண்டாள் என்று இதை எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் அவருடையது. அந்தச் சபை அவரைச் சுற்றி வளர்ந்தது. அவர் முன்னின்று கட்டிய கோயிலை 1785-இல் பிரதிஷ்டை செய்ய, முன்பு மறுத்த அதே ஸ்வார்ட்ஸ் வந்தார். நெல்லைச் சீமையின் அ. மாதவையா 1915-இல் அவரை ஆங்கில நாவலாக்கினார். தலைப்பாக வைத்தது ‘கிளாரிந்தா’ என்ற பெயரை மட்டும்தான்.