தொற்றுக்குப் பின் குழந்தைகளிடம் தோன்றும் நடத்தை மாற்றங்கள்: சிடன்ஹாம் கொரியா, பான்டாஸ், பான்ஸ்

தொண்டைத் தொற்று ஆறிய சில வாரங்களிலோ மாதங்களிலோ சில குழந்தைகளின் நடத்தையும் உடல் அசைவும் மாறுவதுண்டு. கையெழுத்து கோணலாகும். சோறு கையிலிருந்து சிந்தும். காரணம் தெரியாமல் அழுகையும் கோபமும் வரும். சில பிள்ளைகள் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். இத்தகைய நிலைகளுள் நெடுங்காலமாக அறியப்பட்டது சிடன்ஹாம் கொரியா. 1998 முதல் பேசப்படுவது பான்டாஸ். அதைவிட விரிந்த வகைக்குப் பான்ஸ் என்று பெயர். இக்கட்டுரை இந்நிலைகளையும், இவற்றோடு வாழும் குழந்தையை வீட்டிலும் பள்ளியிலும் பேணும் முறையையும் விளக்குகிறது. சுசீந்திரம், நாகர்கோவில் பகுதிப் பெற்றோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டாலும், மருத்துவமனைப் பெயர்களைத் தவிர மற்றவை எல்லா ஊருக்கும் பொருந்தும்.

எப்படி நேர்கிறது

தொண்டை வலிக்குப் பெரும்பாலும் வைரஸ்களே காரணம். அது தானே சரியாகிவிடும். ஒரு பகுதி மட்டும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் இது மிகுதி. நெருக்கமான வீடுகளிலும் நெருக்கமான வகுப்பறைகளிலும் எளிதில் பரவும்.

இந்தக் கிருமியை எதிர்க்க உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. கிருமியின் மேற்பரப்பில் உள்ள சில மூலக்கூறுகள் நம் இதய வால்வு, மூட்டு, மூளைத் திசு ஆகியவற்றில் உள்ள மூலக்கூறுகளை ஒத்திருக்கின்றன. ஆகவே சில குழந்தைகளில் எதிர்ப்பொருள்கள் ஆள் மாறித் தாக்குகின்றன. மூட்டைத் தாக்கினால் வீக்கமும் வலியும் வரும். இதயத்தைத் தாக்கினால் வால்வு கெடும். மூளையின் உட்பகுதியில் உள்ள அடித்தள நரம்புமுடிச்சுகளைத் தாக்கினால் அசைவும் குணமும் மாறும். கை கால் அசைவை ஒழுங்குபடுத்துவதும், பழக்கங்களையும் உணர்ச்சிகளையும் கட்டுக்குள் வைப்பதும் அந்த நரம்புமுடிச்சுகளின் வேலை. அதனால்தான் ஒரே குழந்தையிடம் கை நடுங்குவதும் மனம் தடுமாறுவதும் சேர்ந்து வருகின்றன. இந்த முழு நோய்க்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். வாதக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள்.

சிடன்ஹாம் கொரியா

ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1686இல் இந்நோயை விவரித்தார். தொண்டைக் கிருமிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அவர் காலத்தில் தெரியாது. மேலை நாடுகளில் இன்று அரிதாகிவிட்ட இந்நோய் இந்தியாவில் இன்னும் காணப்படுகிறது. ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது.

தொண்டைத் தொற்றுக்கும் கொரியாவுக்கும் இடையே ஒன்று முதல் ஆறு மாதம் வரை இடைவெளி இருக்கலாம். இந்த இடைவெளியே குழப்பத்துக்கு மூலம். ஆவணியில் வந்த தொண்டை நோவையும் தை மாதத்தில் பேனா நழுவுவதையும் யார் சேர்த்துப் பார்ப்பார்கள்? இரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. அளவு பார்த்தாலும் அதற்குள் அது இயல்புக்குத் திரும்பியிருக்கக்கூடும். எனவே அந்தச் சோதனையின் முடிவு சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டறிய 1944இல் டக்கெட் ஜோன்ஸ் வகுத்த அளவுகோல்கள் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. வேறு காரணம் இல்லையென்று உறுதியானால், கொரியா மட்டும் இருந்தாலும் ருமாட்டிக் காய்ச்சல் என்று கொள்ள அவை இடம் தருகின்றன.

அறிகுறிகளை முதலில் காட்டுவது பெரும்பாலும் பிள்ளையின் எழுத்து நோட்டுதான். ஆசிரியர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. சென்ற மாதம் வரை கோட்டில் நின்ற எழுத்து கோட்டை விட்டு ஏறி இறங்கும், அளவு மாறும், சில இடங்களில் தாள் கிழியும். அடுத்து, நாக்கை வெளியே நீட்டி வைத்திருக்கச் சொன்னால் அது உள்ளே ஓடிவிடும். நம் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் பிடி இறுகியும் தளர்ந்தும் பால் கறப்பதுபோல் இருக்கும். தூங்கும்போது அசைவு நின்றுவிடும். சிலருக்கு உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும். அசைவு வெளிப்படும் முன்பே சிடுசிடுப்பும் அழுகையும் கவனக்குறைவும் தொடங்கிவிடுவதால், ஆசிரியர் அறையில் அந்தப் பிள்ளைக்குச் 'சேட்டை', 'திமிர்' என்ற பெயர்கள் முதலில் கிடைத்துவிடுகின்றன. வீட்டிலோ 'பயந்த கோளாறு' என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள்.

அசைவுகள் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். சிலருக்கு ஓராண்டைத் தாண்டியும் நீளும். தேவைப்பட்டால் வால்புரோயேட், கார்பமசெபின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். கயிறு கட்டிய பிறகு நடுக்கம் நின்றால் கயிறுக்குத்தான் பெயர் போகும். அதில் எனக்குச் சச்சரவு இல்லை, கயிறு கையிலேயே இருக்கட்டும். ஆனால் நடுக்கம் தானாக நின்றாலும் இதயம் தானாகச் சரியாகிவிடாது. கொரியா வந்த பிள்ளைக்கு, நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், எக்கோ எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். குழலில் சத்தம் கேட்காத வால்வுக் கசிவைக்கூட எக்கோ காட்டிவிடும்.

இருபத்தொரு நாள் ஊசி

ஒவ்வொரு புதிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றும் நோயைத் திரும்பக் கொண்டுவரலாம். ஒவ்வொரு தாக்குதலும் வால்வை இன்னும் கெடுக்கலாம். இதைத் தடுக்கவே பென்சத்தீன் பென்சிலின் ஊசி. நம் நாட்டில் இது பொதுவாக 21 நாளுக்கு ஒருமுறை போடப்படுகிறது. 27 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள பிள்ளைக்கு 6 லட்சம் யூனிட்டும் அதற்கு மேல் 12 லட்சம் யூனிட்டும் வழக்கமான அளவு. இதயம் பாதிக்கப்படாதிருந்தாலும் குறைந்தது 5 ஆண்டுகள் அல்லது 18 வயது வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை போடவேண்டும். சில வழிகாட்டிகள் 21 வயது என்கின்றன. வால்வு பாதித்திருந்தால் இன்னும் நீளும்.

ஒன்பது வயதில் நோய் வந்த பிள்ளைக்கு ஒன்பது ஆண்டுகள் ஊசி என்றால் ஏறத்தாழ 155 தடவை. தொடையிலோ இடுப்புக்குக் கீழோ போடப்படும் இந்த ஊசியின் மருந்து கெட்டியானது, நன்றாகவே வலிக்கும். இத்தனை முறை பிள்ளையை இணங்க வைப்பதுதான் பெற்றோரின் பெரிய வேலை. நான்காவது மாதம் நடுக்கம் நின்றதும், 'இனி எதற்கு?' என்று நிறுத்திவிடுவதைத்தான் மிக அதிகமாக அஞ்சவேண்டும். நாள்காட்டியில் தேதிகளை முன்கூட்டியே குறித்துவைப்பது, மருந்தை அறை வெப்பத்துக்கு வரவிட்டு மெதுவாகச் செலுத்தச் சொல்வது, எந்தப் பக்கம் போடுவது என்று பிள்ளையையே முடிவு செய்யவிடுவது ஆகியவை உதவும். பொய் சொல்லி அழைத்துப்போவது ஒருமுறைதான் பலிக்கும்.

பென்சிலினால் கடும் ஒவ்வாமை வருவது அரிது, ஆனால் வரலாம். ஆகவே அவசர மருந்து உள்ள இடத்தில் போட்டுக்கொண்டு அரை மணி நேரமாவது அங்கேயே இருக்கவேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாற்று மாத்திரைகள் உண்டு.

பான்டாஸ், பான்ஸ்

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சூசன் ஸ்வீடோவும் குழுவினரும் 1998இல் 50 குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைத் தொடர்ந்து அவர்களிடம் கட்டாய எண்ணமும் செயலும், கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற திடீர் அசைவுகளும் திடுமெனத் தோன்றின அல்லது மோசமாயின. பருவமடையும் முன் தொடங்குவதும் அலை அலையாக வந்து போவதும் இதன் அடையாளம். இதற்குப் பான்டாஸ் என்று பெயரிட்டனர். 2012இல் தொற்று எதுவென்ற நிபந்தனையைத் தளர்த்திப் பான்ஸ் என்ற வகை முன்வைக்கப்பட்டது. இதில் கட்டாயச் செயல் அல்லது உணவைக் கடுமையாக மறுத்தல் திடீரெனத் தொடங்கும். கூடவே பிரிவச்சம், ஆவேசம், மழலைப் பேச்சுக்குத் திரும்புதல், படிப்பில் சரிவு, படுக்கையில் சிறுநீர், தூக்கமின்மை போன்றவற்றில் குறைந்தது இரண்டு வகைகள் சேர்ந்திருக்கும்.

இந்த வகைப்பாட்டை எல்லா மருத்துவர்களும் ஏற்கவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். நோயில்லாமல் கிருமியை மட்டும் தொண்டையில் வைத்திருப்பவர்களும் உண்டு. எனவே ஒன்றுக்குப் பின் மற்றொன்று வந்ததாலேயே முன்னது காரணமாகிவிடாது. சிகிச்சையிலும் இதே நிலை. நரம்புவழி இம்யூனோகுளோபுலின் பயன் தந்ததாக 1999இல் ஓர் ஆய்வு சொன்னது. 2016இல் வந்த மற்றோர் ஆய்வில் போலி மருந்துக்கும் அதற்கும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மிகுந்த செலவு பிடிக்கும் இச்சிகிச்சைக்காக நிலத்தை ஈடு வைக்கும் முன் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது. கண்டறியப்பட்ட தொற்றுக்கு மருந்து, கட்டாயச் செயலுக்கு நடத்தைச் சிகிச்சை, தேவைப்பட்டால் மனநல மருந்து என்பவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இவற்றைப்போல் தோன்றும் வேறு நோய்களும் உண்டு. தன்னெதிர்ப்பால் வரும் மூளை அழற்சியில் குணமாற்றத்தோடு வலிப்பு, பேச்சு நிற்பது, வாய் ஓயாமல் அசைவது ஆகியவை வரும். விரைந்து சிகிச்சை தந்தால் பெரும்பாலோர் தேறுவார்கள். தட்டம்மை வந்து பல ஆண்டுகள் கழித்து வரும் எஸ்.எஸ்.பி.இ. என்ற நோயும் படிப்புச் சரிவாகவே தொடங்கி, உடல் தூக்கிப்போடும் வெட்டுகளாக வளரும். அதற்குத் தடுப்பூசியே காப்பு. வலிப்பு, நினைவு மங்கல், காய்ச்சலோடு குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வீட்டில்

பெற்றோர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது எந்தச் சோதனைக்கும் குறையாத பயன் தரும். காய்ச்சல், தொண்டை வலி, மருந்து, தூக்கம், புதிய பழக்கம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதவேண்டும். நோட்டோடு பழைய கையெழுத்துப் பக்கமும் அசைவைக் காட்டும் கைபேசிக் காணொளியும் இருந்தால் போதும். மருத்துவர் முன் பிள்ளை பெரும்பாலும் அடக்கமாகவே உட்கார்ந்திருக்கும்.

இருபது முறை கை கழுவும் பிள்ளையை அடிப்பதால் அது நிற்காது. அதே சமயம் 'அம்மா, கை சுத்தமாயிட்டா?' என்று கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் நோய்க்குத்தான் தீனி. அச்சத்தைச் சிறிது சிறிதாகத் தாங்கப் பழக்கும் முறையை உளவியலாளரிடம் பெற்றோரும் சேர்ந்து கற்கவேண்டும். தொண்டையில் சிக்கும் என்று அஞ்சி உணவை மறுக்கும் பிள்ளைக்குக் கஞ்சி, மோர், குழைந்த சோறு என்று எதை ஏற்கிறதோ அதைக் கொடுத்து எடையைக் கவனிக்கவேண்டும். எடை இறங்கினால் காத்திருக்கக்கூடாது. கவனமெல்லாம் ஒரு பிள்ளைமேல் போகும்போது உடன்பிறந்த பிள்ளை ஒதுங்கிப்போவதையும் பார்க்கவேண்டும். அண்ணனின் ஆவேசத்தைக் கண்டு பயந்த தங்கைக்கு, 'அது நோய், அவன் உன்னை வெறுக்கவில்லை' என்று யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். தாயே எல்லாவற்றையும் சுமக்கும் வீடுகளில், ஊசிக்கு அழைத்துப்போகும் பொறுப்பையாவது மற்றவர் ஏற்கலாம். மனம் சோர்ந்தால் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

பள்ளியும் மருத்துவமனையும்

சுசீந்திரம் பகுதியினருக்கு அருகில் உள்ளது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தை மருத்துவரிடம் தொடங்குவதே முறை. சிக்கலான வால்வு அல்லது நரம்பு நோய்க்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கும், மனநலமும் நரம்பும் கலந்த நோய்களுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸுக்கும் அனுப்புவதுண்டு. எங்கே போனாலும் ஊசி அட்டை கூடவே போகவேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கொருமுறை வருகிறது. அதன் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயும் உண்டு. கையெழுத்து மாறிய பிள்ளையை ஆசிரியர் அக்குழுவிடம் தனியாகக் காட்டலாம், அதற்காகக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பள்ளியில் உடல்தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடை செய்கிறது. கேட்கும்போது கழிப்பறைக்கு விடுவது, எழுத்துக்குப் பதில் வாய்மொழித் தேர்வு வைப்பது, ஊசி நாளில் உடற்பயிற்சியிலிருந்து விலக்குவது ஆகியவற்றைத் தலைமையாசிரியரே செய்துவிடலாம். மருத்துவரின் கடிதம் ஒன்று போதும். பொதுத்தேர்வு வேறு வகை. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு உரிய மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்கவேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் ஓடுவதில் பயனில்லை. கல்வியாண்டின் முதல் பருவத்திலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு, கொடுத்த கடிதத்தின் நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளவும்.