செங்கல், மணல், சிண்டிகேட்

கொல்கத்தாவின் புதிய நகரத்தில் வீடு கட்டுகிறவர் முதலில் சந்திப்பது கொத்தனாரை அல்ல

2021 ஜூன் 9. பிற்பகல் நேரம். கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் உள்ள நியூ டவுனில், சுகோபிருஷ்டி என்ற பிரம்மாண்டமான அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் மேற்கு வங்கப் போலீசின் சிறப்பு அதிரடிப் படையினர் நுழைந்தார்கள். அடுத்து கேட்டது துப்பாக்கிச் சத்தம். அது ஓய்ந்தபோது ஃபிளாட்டுக்குள் இரண்டு சடலங்கள். காயமடைந்த ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு விரைந்துகொண்டிருந்தார்.

இறந்தவர்களில் ஒருவர் ஜெய்பால் சிங் புல்லர். பஞ்சாபைக் கலக்கிய தாதா. ஓய்வுபெற்ற போலீஸ்காரரின் மகன், ஒரு காலத்தில் சுத்தியல் எறியும் வீரர். மே 15 அன்று லூதியானா மாவட்டத்து ஜக்ராவ்னில் இரண்டு உதவி சப்-இன்ஸ்பெக்டர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்டவர். இன்னொருவர் அவருடைய கூட்டாளி ஜஸ்ப்ரீத் சிங்.

ஒளிந்துகொள்ள இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புதிர் அல்ல. ஆயிரக்கணக்கான ஃபிளாட்டுகள்; பலவற்றில் வாடகைக்கு இருப்பவர்கள்; பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று யாருக்கும் தெரியாது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம், இதே நகரத்தின் இன்னொரு ஃபிளாட்டில் பங்களாதேஷ் எம்.பி. அன்வாருல் அஸீம் கொல்லப்பட்டதாகப் போலீசார் கண்டறிந்தபோது நாடு மறுபடியும் திடுக்கிட்டது.

ஆனால் புல்லர் போன்றவர்கள் வந்து போனவர்கள். நியூ டவுன் மண்ணிலேயே வேர் பிடித்த அதிகாரம் ஒன்று உண்டு. அதன் கையில் பெரும்பாலும் துப்பாக்கி இருப்பதில்லை. மணல் லாரியின் ரசீதுதான் இருக்கும். அதன் பெயர் சிண்டிகேட்.

அது இயங்கும் விதம் மிக எளிமையானது. ஒருவர் மனை வாங்கி அஸ்திவாரம் தோண்டத் தொடங்குகிறார். மோட்டார் சைக்கிளில் நாலைந்து இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். செங்கல், மணல், ஜல்லி எல்லாவற்றையும் எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்பதே செய்தி. விலை அவர்கள் சொல்வது, அளவு அவர்கள் கொடுப்பது, தரம் அவர்கள் வைத்தது. மறுத்தால் வெளியிலிருந்து வரும் லாரி தெருமுனையில் நின்றுவிடும். கூலி ஆட்கள் மறுநாள் வரமாட்டார்கள். ஓய்வூதியப் பணத்தில் இரண்டு அறை வீடு கட்டும் ஆசிரியர் முதல் மாபெரும் கட்டட நிறுவனம் வரை இந்தக் கணக்கில் தப்புவது கடினம் என்பது பல ஆண்டுகளாக எழுந்த புகார்.

வேடிக்கை என்னவென்றால், இது ஒரு நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஜோதி பாசு முதல்வராக இருந்த தொண்ணூறுகளில் ராஜர்ஹாட்டின் வயல்களையும் மீன் வளர்ப்புக் குட்டைகளையும் அரசு கையகப்படுத்தியது. 1999ல் ஹிட்கோ என்ற அரசுக் கழகம் உருவாக்கப்பட்டு, சுமார் 3,000 ஹெக்டேரில் புதிய நகரம் எழத் தொடங்கியது. நிலத்தை இழந்தவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு, பின்னால் அதே மண்ணுக்குச் சந்தை தந்த விலைக்கு முன் ஒன்றுமில்லை. ஏர் பிடித்த கைகளுக்கு வேலை வேண்டுமே? நிலம் கொடுத்த குடும்பத்து இளைஞர்கள் கூட்டுறவுக் குழுக்களாகச் சேர்ந்து கட்டுமானப் பொருட்களைச் சப்ளை செய்யட்டும் என்று வழி காட்டப்பட்டது.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சலுகை விரைவிலேயே ஏகபோகமாகியது. போட்டியாளர் இல்லாத வியாபாரத்துக்கு எல்லை வகுக்க ஆள் பலம் தேவைப்பட்டது. ஆள் பலத்துக்குக் கட்சியின் நிழல் தேவைப்பட்டது. கட்சிக்கோ தேர்தல் நாளில் அந்த ஆட்களே தேவைப்பட்டார்கள். வட்டம் முழுமையாயிற்று.

2009 ஆகஸ்டில் ராஜர்ஹாட் பகுதியில் ஒரு கால்பந்துப் போட்டியில் வெடித்த தகராறு ஓர் உயிரைப் பலி வாங்கியது. ஆத்திரமடைந்த கூட்டம் வேதிக் வில்லேஜ் என்ற சொகுசு விடுதிக்குத் தீ வைத்தது. நில மாஃபியாவைப் பற்றிய குற்றச்சாட்டுகள் வெளியே கொட்டின. அங்கே திட்டமிடப்பட்டிருந்த தகவல் தொழில்நுட்ப நகரத்தையே இடதுசாரி அரசு கைவிட்டது. 2011ல் ஆட்சி மாறியது; சிண்டிகேட் அலுவலகங்கள் பலவற்றில் மாறியது கொடிதான். 2016 மார்ச் 31 அன்று வடகொல்கத்தாவில் விவேகானந்தா சாலை மேம்பாலம் இடிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தரமற்ற பொருட்களை சிண்டிகேட்டுகள் திணித்ததே காரணம் என்ற குற்றச்சாட்டு தேர்தல் மேடைகளில் எதிரொலித்தது. அதே ஆண்டு ஜூலையில் விதான்நகர் மாநகராட்சியின் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் மிரட்டிப் பணம் கேட்டதாகக் கைதானார்.

கொல்கத்தாவுக்கு இது புதிதல்ல. தமிழர்களுக்கு நன்கு பழக்கமான 'குண்டர் சட்டம்' தமிழகத்தில் வந்தது 1982ல். வங்கமோ 1923லேயே குண்டர் சட்டம் போட்டு, கொல்கத்தாவின் தெருச் சண்டியர்களை நகரை விட்டு வெளியேற்ற அதிகாரம் பெற்றது. 1946 ஆகஸ்ட் கலவரத்தில் ஆட்டிறைச்சி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த கோபால் 'பாண்டா' முகர்ஜி ஆயுதம் தாங்கிய படையே திரட்டினார். எழுபதுகளில் 'ஃபாட்டா கேஷ்டோ' நடத்திய காளி பூஜைக்குத் திரை நட்சத்திரங்கள் வந்தார்கள். 1993 மார்ச்சில் பௌபஜாரில் 69 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பு வழக்கில், சட்டா சூதாட்ட மன்னன் ரஷீத் கான் பின்னர் ஆயுள் தண்டனை பெற்றார். இறைச்சிக் கடை, பூஜைப் பந்தல், சூதாட்டம், இப்போது செங்கல்: தொழில் மாறுகிறது. தெருவை ஆள்பவனுக்கும் அரசியலை ஆள்பவனுக்கும் உள்ள உறவு மாறுவதில்லை.

இதன் உலகப் பிரசித்தி பெற்ற முன்னோடி நியூயார்க்கில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட யூதக் குடும்பங்கள் லோயர் ஈஸ்ட் சைடின் இருண்ட குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன. மங்க் ஈஸ்ட்மன் போன்ற தாதாக்களின் கும்பல்கள் டாமனி ஹால் அரசியல்வாதிகளுக்குக் கள்ள ஓட்டுப் போட்டன. பதிலுக்குப் போலீசிடமிருந்து பாதுகாப்புப் பெற்றன. ஆயத்த ஆடைத் தொழிலில் வேலைநிறுத்தம் வந்தால் தொழிற்சங்கமும் முதலாளியும் போட்டி போட்டு அடியாட்களை அமர்த்தினார்கள். கூலிக்கு அடித்தவர்களுக்குத் தொழிலையே பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்ற அதிக காலம் ஆகவில்லை.

அதைச் செய்து காட்டியவர் லூயிஸ் 'லெப்கே' புக்கால்ட்டர். துணி ஏற்றும் லாரிகளைப் பிடித்தார். ரொட்டித் தொழிலில் கை வைத்தார். லாரி நின்றால் தொழிற்சாலை நிற்கும் என்பதைக் கண்டுகொண்டதே அவருடைய மேதைமை. ஜல்லி லாரியைத் தெருமுனையில் நிறுத்தும் ராஜர்ஹாட் இளைஞனுக்கு லெப்கேயின் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. பாடம் ஒன்றுதான்.

அங்கே அது எப்படி முடிந்தது? 1935ல் சிறப்பு வழக்கறிஞராக நியமிக்கப்பட்ட தாமஸ் டூயி கும்பல்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார். லெப்கே 1944 மார்ச்சில் சிங் சிங் சிறையில் மின்சார நாற்காலியில் இறந்தார். மேயர் லான்ஸ்கி போன்ற சிலர் சூதாட்ட விடுதிகளுக்கு மாறி முதுமை வரை வாழ்ந்தார்கள். ஆனால் அந்தத் தெருக்களிலிருந்து அடுத்த லான்ஸ்கி வரவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் ஆனார்கள். சட்டம் பாதி வேலையைச் செய்தது, மீதியைச் செய்தது படிப்பு.

தாராவியையும் மாதுங்காவையும் ஆண்ட தூத்துக்குடி வரதராஜ முதலியாரின் கதையை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த உண்மை அந்நியமல்ல. வேலையும் நியாயமும் கிடைக்காத இடத்தில்தான் 'பாய்'களும் 'தாதா'க்களும் முளைக்கிறார்கள்.

நியூ டவுனில் இன்று ஈகோ பார்க் இருக்கிறது, அகலச் சாலைகள் இருக்கின்றன, கண்ணாடிக் கோபுரங்களில் கணினி நிறுவனங்கள் இருக்கின்றன. தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களும் அங்கே வாடகை வீடு தேடுகிறார்கள். அந்தக் கோபுரங்கள் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் யாருடைய வயலாக இருந்ததோ, அவருடைய பேரன் கோபுரத்துக்குள் வேலைக்குப் போகிறானா, அல்லது வாசலில் மணல் லாரியை மறிக்கிறானா? சிண்டிகேட்டின் எதிர்காலம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.