சும்மா நிற்கும் படகுக்கு எத்தனால் ஆகாது

கொல்கத்தாவின் டாக்குரியாவை ஒட்டிய ரவீந்திர சரோவர் ஏரியில், 2022 மே மாதம் கோடைப் புயலில் துடுப்புப் படகு கவிழ்ந்து பள்ளி மாணவர் இருவர் இறந்தார்கள். மீட்புப் படகு ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. பெட்ரோல் படகு ஏரியைக் கெடுக்கும் என்ற ஆட்சேபமும் கூடவே பேசப்பட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். மீட்புப் படகு மாதக்கணக்கில் சும்மா நிற்கும். தேவைப்படும் நாளில் கயிற்றை இழுத்ததும் ஸ்டார்ட் ஆக வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அப்படிப்பட்ட படகுக்குத்தான் ஆகாது.

2014-ல் நம் பெட்ரோலில் எத்தனால் சுமார் ஒன்றரை சதவீதம். 2022-ல் 10, 2025-ல் 20. அந்த அளவுக்கு எண்ணெய் இறக்குமதி மிச்சமாகிறது, கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் வாங்க ஆள் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் விவாதமெல்லாம் பைக், கார் மைலேஜோடு நின்றுவிட்டது. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பைப் படகில் ஊற்றுவதே சட்டவிரோதம்.

எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். படகு டேங்கில் காற்றுத் துளை உண்டு. ஈரக்காற்று உள்ளே போகும், மூடி சரியில்லையென்றால் மழைநீரும் இறங்கும். ஓரளவுவரை பெட்ரோல் அந்த நீரைத் தாங்கும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். 20 சதவீதக் கலப்பு 10-ஐவிடக் கூடுதல் நீரைத் தாங்கும் என்பது உண்மை. பிரிந்தால் அடியில் விழுவதும் கூடுதல். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் இது இன்னும் மோசம்: கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும், ஆயில் இல்லாத கலவை இன்ஜினுக்குள் போகும், பிஸ்டன் சீஸ் ஆகும்.

பழைய ரப்பர் ஹோஸ் உப்பி வெடிப்பதும், டேங்கில் படிந்த பிசின் கரைந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைப்பதும் இதே எத்தனால் வேலை. பழைய ஃபைபர் டேங்க் வைத்த அமெரிக்கப் படகுகளில் டேங்கின் ரெசினே கரைந்து இன்ஜினுக்குள் போயிருக்கிறது. லிட்டருக்கு ஓடும் தூரமும் கொஞ்சம் குறையும்.

தினமும் கடலுக்குப் போகும் படகில் பெட்ரோல் தங்குவதற்கே நேரமில்லை, அதனால் பயம் குறைவு. டீசல் விசைப்படகுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். எப்போதாவது படகை எடுப்பவரா? தேவைக்கு மட்டும் பெட்ரோல் வாங்குங்கள். நிறுத்துமுன் ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டரில் மிச்சமுள்ளது தீரும்வரை மோட்டாரை ஓடவிடுங்கள். குளிர்விக்கும் தண்ணீர் வந்துகொண்டிருக்க வேண்டும். டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவே நீர் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள்.

சந்தேகமா? டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். நடுவே கோடு தெரிந்தால் பெட்ரோல் பிரிந்துவிட்டது. எந்த மருந்து ஊற்றினாலும் பழையபடி சேராது. புதுப் பெட்ரோலை அதன்மேல் ஊற்றாதீர்கள்; முழுவதையும் வெளியே எடுத்து, டேங்கைத் துடைத்துக் காயவிட்ட பிறகு நிரப்புங்கள். எடுத்ததை ஏரியில் கொட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.